25 இலக்கங்களோடு நின்றுவிடும் எண்

3608528850368400786036725 என்ற எண் 3,608 கோடி கோடி கோடியைத் தாண்டுகிறது. அதன் உண்மையான அழகு, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாக வெட்டிப் பார்க்கும்போதுதான் வெளிப்படும். முதல் இரண்டு இலக்கங்களான 36, இரண்டால் வகுபடும்; முதல் மூன்றான 360, மூன்றால் வகுபடும்; 3608 நான்காலும், 36085 ஐந்தாலும், 360852 ஆறாலும் மீதியின்றி வகுபடும். ஏழாம் அடியிலும் தடையில்லை: 3608528-ஐ ஏழால் வகுத்தால் 515504 என்று சரியாக வருகிறது. இந்த ஒழுங்கு 25 இலக்கங்கள் கொண்ட முழு எண் 25-ஆல் வகுபடுவது வரை ஓரிடத்திலும் பிசகுவதில்லை.

பதின்ம முறையில் இத்தகைய எண்களுள் மிகப் பெரியது இதுவே. அப்படியென்றால் 26 இலக்கங்களில் ஒன்றுகூட ஏன் இல்லை? ஓர் எண்ணின் வலப்பக்கம் 0 முதல் 9 வரை ஏதேனும் ஓர் இலக்கத்தைச் சேர்க்கும்போது நமக்கு அடுத்தடுத்த பத்து எண்கள் கிடைக்கின்றன. வகுக்கும் எண் பத்து அல்லது அதற்குக் குறைவாக இருக்கும்வரை, அந்தப் பத்தில் ஒன்றாவது அதனால் வகுபட்டே தீரும். ஆகவே பத்தாம் இலக்கம் வரை எந்த எண்ணுக்கும் வழி அடைபடுவதில்லை. பதினொன்றிலிருந்து அந்த உறுதி போய்விடுகிறது. 20-ஆம் இலக்கத்தை எட்டும்போது, ஏறக்குறைய இரண்டு எண்களுக்கு ஒன்றுதான் தப்பிப் பிழைக்கும்.

எண்ணிக்கையும் இதையே காட்டுகிறது. ஓரிலக்கத்தில் 9, ஈரிலக்கத்தில் 45, மூவிலக்கத்தில் 150 என்று வளர்ந்து, ஒன்பது இலக்கங்களிலும் பத்து இலக்கங்களிலும் தலா 2,492 என்ற உச்சத்தைத் தொடுகிறது. 20 இலக்கங்களில் 44-ஆகவும், 24 இலக்கங்களில் வெறும் 3-ஆகவும் சுருங்குகிறது. (1 முதல் 9 வரையிலான இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரேயொரு முறை வரும் 381654729 இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது, அத்தகையது வேறொன்று இல்லை.) இந்தப் பண்பு நாம் பத்தை அடிப்படையாக வைத்து எழுதுவதால் வருவது, வேறு அடிமானத்தில் எழுதினால் பட்டியலே மாறிவிடும்.

எஞ்சிய அந்த மூன்று எண்களின் கதியை நேரடியாகவே பார்த்துவிடலாம். 25-ஆல் வகுபடும் எண் 00, 25, 50, 75 என்ற நான்கில் ஒன்றில்தான் முடியும் என்பதால், 24-ஆம் இலக்கம் 0, 2, 5, 7 ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தாக வேண்டும். மூன்றில் இரண்டு எண்கள் 6-இல் முடிகின்றன; அவை அங்கேயே நின்றுவிடுகின்றன. 2-இல் முடியும் மூன்றாவது எண் மட்டும் 5-ஐச் சேர்த்துக்கொண்டு 25 இலக்கங்களை அடைகிறது. அதன் பின்னால் 0 சேர்த்து 26-ஆல் வகுத்தால் மீதி 12. மீதியைப் போக்க இன்னும் 14 கூட்ட வேண்டும். கடைசி இடத்தில் நாம் வைக்கக்கூடிய மிகப் பெரிய இலக்கமோ 9.