ரசீது லைசன்ஸ் ஆகாது, தம்பி

போன வாரமும் அதே போன். "அண்ணே, ஹெல்த் ஆபீஸ்காரங்க வந்து நிக்கிறாங்க. நான்தான் எல்லாத்துக்கும் காசு கட்டிட்டேனே, ரசீதுகூட இருக்கே!" மலேசியாவில், பினாங்கின் பிறையில் கடை வரிசை ஒன்றின் பின்கட்டில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் இரண்டு வைத்து, இருபது லிட்டர் போத்தலில் தண்ணீர் அடைத்து, வீட்டுக்கு வீடு வேனில் போடுகிற தம்பி. இந்த லைசன்ஸ் வேலையைப் பல வருடமாகப் பார்க்கிறேன், இந்த வருடம் இதே கதையோடு வந்தவர்களில் இவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

அவர் ஃபைலில் இருந்தது எஸ்.எஸ்.எம். என்கிற நிறுவனங்கள் ஆணையத்தின் பதிவும் மாநகர் மன்றத்தின் கடை லைசன்ஸும். அவ்வளவுதான். பதிவு என்பது உங்கள் வியாபாரத்துக்குப் பெயர் வைப்பது, கடை லைசன்ஸ் அந்த இடத்தில் தொழில் நடத்த அனுமதி. தண்ணீரை அடைத்து விற்க, 1985 உணவு விதிமுறைகளின்படி சுகாதார அமைச்சிடம் தனியாக லைசன்ஸ் எடுக்க வேண்டும். ஒரு கவுண்டரில் கட்டிய பணம் இன்னொரு கவுண்டருக்குச் செல்லாது. அதைவிட முக்கியம், எந்தக் கவுண்டரிலும் பணம் கட்டியதாலேயே அனுமதி கிடைத்துவிடாது, நீங்கள் கட்டியது விண்ணப்பத்துக்கு! இடத்தைப் பார்த்து, தண்ணீரைச் சோதித்து, சரி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அது லைசன்ஸ். போர் போட்டு நிலத்தடி நீர் எடுப்பவர்களுக்கு மாநில அரசின் அனுமதியும் உண்டு, ஏனென்றால் இங்கே நீர்வளம் மாநிலத்தின் கையில். சிலாங்கூரில் அதைப் பார்ப்பது லுவாஸ் என்கிற மாநில நீர் நிர்வாக வாரியம்.

"பைப் தண்ணிதானே அண்ணே, ஏற்கெனவே சுத்தமானதுதானே" என்பார்கள். அப்புறம் பையிலிருந்து, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வெளியே வரும், "பாருங்க, எட்டுதான் காட்டுது!" எனக்குப் பொறுக்காத இடம் இதுதான். அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பைத்தான் அளக்கும். கிருமியை அது பார்க்காது, பார்க்கவும் முடியாது. எட்டு காட்டுகிற தண்ணீரில் ஈ.கோலி கிருமி இருக்கலாம், நூற்றைம்பது காட்டுகிற தண்ணீர் கிருமியில்லாமல் இருக்கலாம். இன்னொன்று, குழாய்த் தண்ணீரில் காவலுக்குக் கொஞ்சம் குளோரின் இருக்கிறது. உங்கள் கார்பன் ஃபில்டர் முதலில் எடுப்பதே அதைத்தான். அதனால் மெஷினிலிருந்து வெளியே வந்த நிமிடத்திலிருந்து அந்தத் தண்ணீருக்குத் துணை கிடையாது. போத்தலில், மூடியில், அடைப்பவர் கையில் என்ன இருக்கிறதோ அது அப்படியே உள்ளே போய் வளரும்.

அந்தத் தம்பி கழுவி வைத்திருந்த போத்தல் ஒன்றில் விரலை விட்டுக் கழுத்தின் உட்புறம் தடவினேன். வழுவழுவென்றிருந்தது, கிருமி படிகிற படலம். கண்ணுக்குப் பளிங்கு மாதிரி. அவர் விரலையும் விட்டுப் பார்க்கச் சொன்னேன், முகம் மாறிவிட்டது. அவர் வீட்டுப் பிள்ளைகளும் இதைத்தான் குடிக்கிறார்கள்.

கட்டணம் அதிகம் என்று புலம்பாதீர்கள். இந்தத் தொழிலில் உண்மையான செலவு ஆய்வுக்கூடச் சோதனையும், நேரத்துக்கு மாற்ற வேண்டிய ஃபில்டரும், கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கும்தான். அதை மிச்சம் பிடித்து அகப்பட்டால் 1983 உணவுச் சட்டத்தில் கடையை 14 நாள் வரை மூட வைக்கலாம். உடல்நலத்துக்குக் கேடான உணவை விற்றதாக நிரூபணமானால் அபராதம் 1,00,000 ரிங்கிட் வரை போகும், சிறையும் உண்டு. வேலையாட்களுக்கு டைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் கட்டாயம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரை 'மினரல்' என்று சொல்லி விற்காதீர்கள், அது வேறு வகை, அதற்கு லைசன்ஸும் வேறு.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போத்தல் வீட்டுக்கு வந்ததும் லேபிளில் அமைச்சின் லைசன்ஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள், மூடி சீல் உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெயிலில் மணிக்கணக்காக நின்ற வேனிலிருந்து இறக்கினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களே, விலை மலிவாகக் கிடைக்கிறது என்று எண் இல்லாத தண்ணீரை வாங்கி, பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து வருகிற பக்தர்களுக்குக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

அந்தத் தம்பி இப்போது முறையாக விண்ணப்பம் போட்டிருக்கிறார், கடை மூடித்தான் இருக்கிறது. பழைய போத்தல்களைத் தூக்கிப்போடச் சொன்னேன். இன்னும் மனசு வரவில்லை போல, நேற்று எட்டிப் பார்த்தபோதும் சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன.