பாலைவனத்துக்கு மேலே ஒரு மூடி

திருமங்கலத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். அவர் மகன் எல்லைப் பாதுகாப்புப் படையில் ஜெய்சல்மேர் பக்கம் இருக்கிறான். "ராஜஸ்தான் சூடுதான் பருவமழையையே இழுத்துட்டு வருதுன்னு டிவியில சொல்றாங்க சார். ஜூலையில போன் பண்ணா, ஒரே வேர்வையும் புழுதியுமா இருக்கும்மா, மழையைக் காணோம்ங்கிறான். இழுத்த ஊருக்கே மழை இல்லைன்னா எப்படி?"

பாடப்புத்தகம் பாதி வழியில் விட்டுவிடுகிற கேள்வி இது. அந்தப் பாதியை வேகமாகப் பார்த்துவிடலாம். கோடையில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். சூடான காற்று மேலே எழும், அழுத்தம் குறையும், அங்கே கடலிலிருந்து ஈரக்காற்று ஓடிவரும். எட்மண்ட் ஹாலி 1686-லேயே எழுதிவிட்ட விளக்கம்தான். தார் பாலைவனத்தில் சூட்டுக்கு என்ன குறை? 2016 மே 19 அன்று ஃபலோடியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. இந்தக் கணக்குப்படி நாட்டிலேயே அதிக மழை அங்கேதான் கொட்ட வேண்டும். ஜெய்சல்மேருக்கு ஆண்டு முழுக்கக் கிடைப்பதோ சுமார் 200 மில்லிமீட்டர். வறண்ட ஊர் என்று நாம் அலுத்துக்கொள்ளும் மதுரைக்கே 850-ஐ ஒட்டிக் கிடைக்கிறது.

ஆரவல்லி மலை காற்றுக்குக் குறுக்கே நிற்காமல் அதன் போக்கிலேயே நீண்டு கிடப்பதால் மழை இல்லை என்று பள்ளியில் படித்திருப்போம். சரி, ஆனால் அது சின்னக் காரணம். தஞ்சாவூரில் எந்த மலை இருக்கிறது?

தாரில் மழையைத் தடுப்பது வானத்திலேயே இருக்கும் ஒரு மூடி. மார்கழி விடியற்காலையில் வைகைக் கரைக் கிராமங்கள் பக்கம் போனால் இதைச் சின்ன அளவில் பார்க்கலாம். சருகு கொளுத்திய புகை பனைமர உயரம் வரை நேராக எழும்பும். அப்புறம் எதிலோ தலை இடித்ததுபோல நின்று, படுக்கைவாட்டில் பரவும். தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரைதான் எந்தக் காற்றும் ஏறும். மேலே தன்னைவிட வெதுவெதுப்பான காற்று நின்றால் ஏற்றம் அங்கேயே முடிந்தது.

தார் மேல் இதுவே பிரம்மாண்டமாக நடக்கிறது. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அங்கே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தடிமன்தான். அதற்கு மேலே இருப்பது ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று. அது மெல்ல இறங்கிக்கொண்டும் இருக்கிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடேறும். தரையிலிருந்து எழும்பும் காற்று அதே கணக்கில் குளிர்ந்துகொண்டே போகும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம்தான் மூடி.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு குட்டிக் கணக்கு. தரையில் 40 டிகிரி வெப்பம், காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் பனிநிலை 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 18. அதை 125-ஆல் பெருக்கினால், மேகத்தின் அடி ஏறக்குறைய எத்தனை மீட்டர் உயரத்தில் உருவாகும் என்று வந்துவிடும்: 2,250. மூடியோ அதற்குக் கீழேயே விழுந்துவிடுகிறது. இன்னும் சில நூறு மீட்டர் ஏறியிருந்தால் மேகம், ஏற வழியில்லை. தரை மேலும் கொதித்தால் அந்த வித்தியாசம் கூடும், மேகத்தின் அடி இன்னும் உயரே போய்விடும். ஈரக்காற்றை இழுத்து வந்த அதே சூடு, மழையை எட்டாத உயரத்துக்குத் தள்ளியும் விடுகிறது!

வெறும் சூட்டால் மழை வந்துவிடாது என்பதை ஜார்ஜ் சிம்ப்சன் 1921-லேயே சுட்டிக்காட்டினார். (ஸ்காட்டுடன் அண்டார்டிகா போன வானிலையாளர். இந்திய வெயிலைப் பற்றி எழுத அவருக்கு இருந்த தகுதியைப் பாருங்கள்!) நிலம் அதிகம் கொதிப்பது மே மாதம், மழை பெய்வதோ ஜூலையில்; மழை பொய்த்த ஆண்டுகளில்தான் நிலம் இன்னும் சூடாக இருக்கிறது என்றார் அவர்.

மகனின் வேர்வைக்கும் அந்த மூடியே காரணம். மே மாத அனல்காற்று வறண்டது, வேர்வையை உடனே உறிஞ்சிவிடும். ஒரு கிராம் வேர்வை ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 580 கலோரி வெப்பம் வெளியேறும். ஜூலையில் வெப்பம் சில டிகிரி குறைந்தாலும், மூடிக்குக் கீழே ஈரம் தேங்கி நிற்பதால் வேர்வை ஆவியாகாமல் வழிகிறது. மேயைவிட ஜூலை மோசம் என்று அவன் சொன்னால் நம்புங்கள்.

ஆனி, ஆடியில் மதுரையிலும் புழுதிதான். ஆனால் நம் கதை வேறு. கேரளப் பக்கம் மலையேறும் காற்று, மேகமாகும்போது வெளியாகும் வெப்பத்தால் கிலோமீட்டருக்கு 5, 6 டிகிரிதான் குளிர்கிறது. மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்கும்போது முழுசாக 10 டிகிரி சூடேறுகிறது. நமக்கு வருவது பிழிந்துபோட்ட காற்று. அங்கே காற்றில் ஈரம் இருந்தும் ஏற முடியவில்லை, இங்கே ஏறி முடித்த காற்று வருகிறது.

மூடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிய, கருவி கட்டிய பலூனை மேலே அனுப்ப வேண்டும். வானிலைத் துறை அதைச் செய்கிறது. பலூன் 30 கிலோமீட்டர் உயரம் வரை போய் வெடிக்கும். கருவி பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது, அதனால் செலவு. மழை வேண்டிக் கழுதைக்குக் கல்யாணம் செய்து, ஊருக்கே சாப்பாடு போடுகிறார்கள். சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாடு முழுக்க இன்னும் நெருக்கமாகப் பலூன் விடப் பணம் கேட்டால் மட்டும் யோசிக்கிறோமே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மூடி உடைவதும் உண்டு. வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் சில சமயம் நாட்டைக் குறுக்கே கடந்து ராஜஸ்தான் வரை போய்விடும். அப்போது ஈரக்காற்றின் தடிமன் பல கிலோமீட்டராகி, தேங்கியதெல்லாம் மொத்தமாக இறங்கும். 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் ஓர் ஆண்டு மழையைவிட அதிகம் சில நாட்களில் பெய்தது. காவாஸ் கிராமத்தில் மணலுக்கு அடியில் ஜிப்சம் படிவம். தண்ணீர் கீழே இறங்க முடியாமல், பாலைவன ஊர் வாரக்கணக்கில் வெள்ளத்தில் நின்றது.