தெருவிளக்குக் கணக்கும் மாநில நிதிக்குழுவும்

ஊராட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யப் போகும் ஊர்களில் ஒரு கேள்வி கேட்பேன்: உங்களுக்கு வரும் மானியத்தின் அளவு எங்கே முடிவாகிறது? கலெக்டர் என்பார்கள், பி.டி.ஓ. என்பார்கள். மாநில நிதிக்குழு என்று சொன்னவர்கள் மிகச் சிலரே.

அரசியலமைப்பின் 73, 74ஆவது திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது பிறந்த குழு இது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆளுநர் இதை அமைக்க வேண்டும். மாநிலத்தின் வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு பங்கு, எந்தெந்த வரிகளை அவற்றிடமே விடலாம் என்று அது பரிந்துரைக்கும். ஏற்பதும் தள்ளுவதும் அரசின் விருப்பம். ஆனால் அறிக்கையையும், அதன்மீது எடுத்த நடவடிக்கையை விளக்கும் குறிப்பையும் சட்டமன்றத்தில் வைத்தே தீர வேண்டும். தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு வருவது இப்படிப்பட்ட பரிந்துரையால்தான்.

குழு எதை வைத்துக் கணக்குப் போடுகிறது என்பதுதான் என் கவலை. நாம் எழுதிக் கொடுக்கும் விவரங்களை வைத்துத்தானே? ஓர் ஊராட்சியில், மேலே அனுப்பிய படிவத்தின் நகலையும் சொத்துப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படிவத்தில் தெருவிளக்குகள் 140. பதிவேட்டில் 212. புதிதாக வந்த இரண்டு நகர்களும், அவற்றுக்காகக் கட்டிய மேல்நிலைத் தொட்டியும் படிவத்தில் இல்லவே இல்லை. "அவசரமாகக் கேட்டார்கள் ஐயா, போன முறை கொடுத்ததையே கொடுத்துவிட்டோம்" என்றார் செயலர். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரி வசூல், குடிநீர், குப்பை, திட்டக் கணக்கு எல்லாம் அந்த ஒரு மனிதர் தலையில்தான். ஆனால் அந்த 72 விளக்குகளுக்கும் மின்கட்டணம் மாதந்தோறும் மானியத்திலிருந்தே போகிறது. பல ஊராட்சிகள் இப்படிக் குறைத்து எழுதினால், உண்மையான பராமரிப்புச் செலவு குழுவின் கண்ணில் படாது. பிறகு மானியம் போதவில்லை என்று புலம்பி என்ன பயன்?

ஆறாவது குழுவின் பரிந்துரைக் காலம் 2022 முதல் 2027 வரை. ஒவ்வொரு புதிய குழுவுக்கும் விவரங்கள் புதிதாகத்தான் போக வேண்டும். அனுப்பும் முன் படிவத்தைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை விளக்கு, எத்தனை மோட்டார், எத்தனை வீடுகளுக்கு இன்னும் வீட்டு வரி விதிக்கவில்லை என்று கேளுங்கள். அந்தச் செயலரிடமும் இதையே சொன்னேன். மறுநாள் மாலை, விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில், நோட்டுடன் தெருத் தெருவாக எண்ணிக்கொண்டு போனார். பதிவேட்டிலேயே ஏறாத 9 விளக்குகள் அப்போதுதான் கிடைத்தன.