ஆன்லைன் டிகிரி ஆரம்பிக்கிறது லேசு, அஞ்சு வருஷம் கழிச்சும் ஓடணும்ல

மலேசியாவுல, பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து லேப்டாப்ப திறக்குற தம்பிங்க, பிள்ளைங்கள தூங்க வச்சிட்டு அசைன்மென்ட் எழுதுற பிறை, பட்டர்வொர்த் அக்காமாருங்க, இவங்களுக்குத்தான் நான் ஆன்லைன்ல பாடம் நடத்துறேன். புது ப்ரோக்ராம்னா எல்லாரும் கேக்குற மொத கேள்வி "இந்த இன்டேக்ல எத்தன பேரு?" ரெண்டாவது செமஸ்டருக்கு எத்தன பேரு திரும்பி வந்தாங்கன்னு கேக்குற ஆளு ரொம்ப கம்மி, ஆனா ப்ரோக்ராம் நிக்குமா படுத்துருமான்னு அந்த நம்பர்லதான் தெரியும்.

பிரிட்டன்ல யூகே இ-யுனிவர்சிட்டின்னு ஒன்னுக்கு அரசாங்கம் 62 மில்லியன் பவுண்டு ஒதுக்குச்சு, 2004லயே மூடிட்டாங்க, சேர்ந்தவங்க 900 பேரு அளவுலதான். சிஸ்டம் கட்டுறதுல இருந்த அக்கறை, யாரு படிக்க வருவாங்கன்னு விசாரிக்கிறதுல இல்ல. அதே சமயம் அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் 2014ல ஆரம்பிச்ச ஆன்லைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் இன்னிக்கும் ஓடுது, மொத்த ஃபீஸே கிட்டத்தட்ட 7,000 டாலர்தான், அங்க படிச்சு முடிச்சவங்களே நெறைய பேரு திரும்பி வந்து அசைன்மென்ட் திருத்துறாங்க, கேள்விக்கு பதில் சொல்றாங்க. வீடியோ ஒரு தடவ எடுத்தா பல வருஷம் ஓடும்னு நினைப்பாங்க, ஆனா மாணவன் கேள்விக்கு பதில் சொல்ல ஒவ்வொரு செமஸ்டரும் ஆளு வேணும், அந்த செலவ மறந்துட்டு பட்ஜெட் போட்டா கடைசியில ஒரு டியூட்டர் தலையிலதான் ரெண்டு மூணு குரூப்ப சேர்த்து கட்டுவாங்க.

வீடியோ கூட ரொம்ப நாள் தாங்காது. நம்ம நாட்டு டேக்ஸ் பாடத்த பாருங்க, 2015 ஏப்ரல்ல ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்துச்சு, 2018 செப்டம்பர்ல அதுக்கு பதிலா பழைய எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) திரும்பி வந்துச்சு, மூணு வருஷ சொச்சத்துல அந்த மாட்யூல ரெண்டு தடவ மாத்தணும். மாத்துறதுக்குன்னு முன்னாடியே காசு ஒதுக்காத எடத்துல பழைய பாடமே ஓடிக்கிட்டு இருக்கும், அத படிச்சிட்டு ஆபீஸ் போற பிள்ளைக்குத்தான் கஷ்டம்.

என் அனுபவத்துல ஆளு காணாம போறது மொத அசைன்மென்ட் சமயத்துலதான். எஸ்டிபிஎம் (ஆறாம் படிவ பரீட்சை) இல்லாம, 21 வயசுக்கு மேல அபெல் (வேலை அனுபவத்த தகுதியா எடுத்துக்குற முறை) வழியா வர்றவங்களுக்கு வேலை அனுபவம் நெறைய இருக்கும், ஆனா கட்டுரை எழுதி ரொம்ப வருஷம் ஆயிருக்கும், ஒரு அசைன்மென்ட் தவறுனதும் வெக்கப்பட்டு ஒதுங்கிடுவாங்க. அந்த வாரமே ஒருத்தர் ஃபோன் போட்டு "என்னம்மா ஆச்சு, எதுல மாட்டிக்கிட்டீங்க"ன்னு கேட்டா பாதி பிரச்சனை தீந்துரும். சிஸ்டம் தானா அனுப்புற ஈமெயில யாரும் படிக்கிறதில்ல, நான் பாத்தவரைக்கும்.

சேரப் போறவங்க ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி எம்கியூஏவோட (படிப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்குற அரசு அமைப்பு) பட்டியல்கள்ல உங்க ப்ரோக்ராம் பேர தேடி பாருங்க. புதுசுன்னா தற்காலிக அங்கீகாரம்தான் இருக்கும், மொத பேட்ச் கடைசி வருஷத்துக்கு வந்தப்புறம்தான் முழு அங்கீகாரத்துக்கு போவாங்க, அதுனால பயப்பட வேணாம், ஆனா தெரிஞ்சு சேருங்க. அப்புறம் கவுன்டர்லயே ரெண்டு விஷயம் கேளுங்க: ஒரு டியூட்டருக்கு எத்தன மாணவங்க, நடுவுல இந்த ப்ரோக்ராம நிறுத்துனா ஏற்கனவே படிக்கிறவங்கள எப்படி முடிக்க வைப்பீங்க. பதில எழுத்துல வாங்கிக்கோங்க, பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்வி நிதி) கடன் எடுத்தா அது உங்க பேர்லதான் இருக்கும்.