கோர் – படைத்தொகுதி

ஆங்கிலத்தில் corps என்று எழுதுவார்கள்: டிவிசன் எனப்படும் பல ஆயிரம் பேர் கொண்ட பிரிவுகள் சில சேர்ந்த பெரிய படை. சொல்லின் கடைசி இரண்டு எழுத்துக்கும் ஒலி கிடையாது. ‘கோர்’ என்றே சொல்ல வேண்டும். ‘கார்ப்ஸ்’ என்றால் பிணம். இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்: உடல் எனப் பொருள்படும் ‘கார்ப்பஸ்’ என்ற லத்தீன் சொல். பிரெஞ்சுக்காரர்கள் ‘கோர் தார்மே’ என்பார்கள்.

1800இல் பிரெஞ்சுத் தளபதி மொரோவின் ரைன் படையிலேயே இந்த அமைப்பு தலைகாட்டிவிட்டது. அதை நிலையான முறையாக்கியவர் நெப்போலியன். 1805இல் அவருடைய பெரும்படை ஏழு கோர்களாக ஆஸ்திரியாமீது பாய்ந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு முதல் நான்கு காலாட்படை டிவிசன்கள், சொந்தக் குதிரைப்படை, பீரங்கிகள், பொறியாளர்கள். தனித்தனிச் சாலைகளில் நடக்கலாம், போகிற வழியில் சோறு தேடிக்கொள்ளலாம். எதிரி எதிர்ப்பட்டால், மற்றவை வந்து சேரும்வரை ஒரு நாள் தாக்குப்பிடிக்கலாம்.

1806 அக்டோபர் 14 அன்று ஆவர்ஷ்டெட்டில் நடந்தது அதற்கும் மேலே. பிரஷ்யாவின் முக்கியப் படையோடு தாம் மோதுவதாக நினைத்து நெப்போலியன் யேனாவில் போரிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படையோ வடக்கே, ஆவர்ஷ்டெட்டில், அவருடைய தளபதி தாவூவின் 3ஆம் கோரின் எதிரே நின்றது. இங்கே சுமார் 27,000 பேர், அங்கே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். காலைப் பனிமூட்டத்தில் தாவூவின் கீழிருந்த குதானின் டிவிசன் சதுர வியூகம் வகுத்து, பிரஷ்யத் தளபதி புளூஹரின் குதிரைப்படையைத் திருப்பியடித்தது. உதவிக்கு வந்திருக்க வேண்டிய இன்னொரு பிரெஞ்சுத் தளபதி பெர்னதோத் வரவேயில்லை. ஆனாலும் தாவூ வென்றார். தம் ஆட்களில் நாலில் ஒரு பங்கு செத்தோ காயம்பட்டோ விழ.

ஆள்கணக்கை வைத்து இதற்கு வரையறை சொல்ல முடியாது. 1805இல் நெப்போலியனின் மற்றொரு தளபதி ஒழேரோவின் கோரில் ஏறக்குறைய 15,000 பேர். 1812இல் ரஷ்யாவுக்குள் நுழைந்த தாவூவின் 1ஆம் கோரில் சுமார் 70,000 பேர். தனித்து நின்று போரிட வேண்டிய எல்லாம் உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நம் பழைய நாற்படைக் கருத்துக்கு இது நெருக்கம்.

பிறகு எல்லாரும் இதை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் லிங்கன் 1862இல் கோர்களை அமைத்தார். 1914இல் பிரான்சுக்குப் போன பிரிட்டிஷ் படை இரண்டு கோர்களோடு இறங்கியது. சோவியத் ஒன்றியம் 1941இல், தளபதிகள் போதாமல், காலாட்படைக் கோர்களைக் கலைத்துவிட்டுப் பின்னர் மீட்டமைத்தது. 1971 வங்கதேசப் போரில் மேக்னா ஆற்றைத் தாண்ட ஹெலிகாப்டர்களில் வீரர்களை இறக்கியது இந்தியத் தளபதி சகத் சிங்கின் 4ஆம் கோர்.

தமிழில்? ‘படைப்பிரிவு’ என்று எழுதினால் டிவிசனோடு குழம்பும். ‘படையணி’யை ரெஜிமெண்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். டிவிசன்களைத் தொகுத்தது என்பதால் ‘படைத்தொகுதி’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது: 3ஆம் படைத்தொகுதி. தகவல்தொடர்பைக் கவனிக்கும் சிக்னல் கோர் போன்றவை போர்க்களத் தொகுதிகள் அல்ல, ஒரு தொழிலுக்கான கிளைகள். அங்கே ‘துறை’ போதும். என்.சி.சி.யின் கடைசி ‘சி’யும் கோர்தான்; ஆனால் ‘தேசிய மாணவர் படை’ என்றே பழகிவிட்டோம், அதை மாற்ற வேண்டியதில்லை.