காபியில சர்க்கரையை நிறுத்தினாங்க, மாத்திரையையும் நிறுத்திட்டாங்க

போன மாசம் ஓபியில ஒரு அம்மா, மஞ்சப்பையில இருந்து, மார்பகப் புற்றுநோய் திரும்ப வராம இருக்க குடுத்த லெட்ரோசோல் மாத்திரை அட்டையை எடுத்து மேசை மேல வச்சாங்க. நாலு மாத்திரைதான் காலியாகி இருந்துச்சு, வாங்கி அஞ்சு மாசம் ஆச்சு. "கட்டிய எடுத்தாச்சு, கீமோவும் முடிஞ்சுது, முட்டியெல்லாம் பிடிச்சுக்குது மேடம், அதான் விட்டுட்டேன், ஆனா சர்க்கரைதான் கேன்சரை வளக்கும்னு சொல்றாங்களே, அதை சுத்தமா நிறுத்திட்டேன், காபில கூட போடறதில்ல"ன்னு சொன்னாங்க. எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு, ஏன்னா விடவேண்டாததை விட்டிருக்காங்க.

கேன்சர் செல் குளுக்கோஸை அள்ளி அள்ளி தின்னும்ங்கிறது நிஜம்தான், 1920கள்லயே ஜெர்மனில ஓட்டோ வார்பர்க் கண்டுபிடிச்சு சொன்னது, குளுக்கோஸ் மாதிரி ஒரு மருந்தை ஏத்தி எடுக்கிற பெட் ஸ்கேன்ல கட்டி பளிச்னு தெரியறதும் அதனாலதான். ஆனா நீங்க இனிப்பே தொடலன்னாலும் ரத்தத்துல குளுக்கோஸ் இருக்கும், சோறுல இருந்து வரும், பட்டினி கிடந்தா கல்லீரலே தயார் பண்ணி அனுப்பும். கேக்கவேண்டிய கேள்வி வேற, அந்த செல்லுக்கு இவ்வளவு பசி எடுக்க வச்சது யாரு?

இந்த அம்மாவோட பயாப்ஸி ரிப்போர்ட்ல ஈஆர் பாசிட்டிவ்னு இருந்துச்சு. அப்படின்னா அந்த செல்லுக்குள்ள ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் வந்து உக்கார ஒரு இருக்கை, அதாவது ரிசெப்டார் இருக்கு. ஈஸ்ட்ரோஜன் அதுல ஒட்டினதும் ரெண்டும் சேந்து டிஎன்ஏ மேல போய் சைக்ளின் டி1, மிக் மாதிரி ஜீன்களை முடுக்கி விடும், உடனே செல் பிரிய ஆரம்பிக்கும், குளுக்கோஸை உள்ள இழுக்கிற வாசல்களும் கூடும், அப்படி இழுத்ததை வெறும் சக்திக்கு மட்டும் எரிக்கறதில்ல, புது செல்லுக்கு வேண்டிய கொழுப்பு, டிஎன்ஏ எல்லாத்துக்கும் செங்கல் மாதிரி எடுத்துக்கும்.

"எனக்குதான் தீட்டு நின்னு பத்து வருஷம் ஆச்சே, ஹார்மோன் எங்க இருந்து வருது?"ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. நம்ம உடம்புக் கொழுப்புல அரோமடேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரீனல் சுரப்பில இருந்து வர்ற ஹார்மோனை அது ஈஸ்ட்ரோஜனா மாத்திடும். லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் அதைத்தான் தடுக்குது. டமாக்சிஃபென் வேற வழி, அது ரிசெப்டார்ல தானே போய் உக்காந்து இடத்தை அடைச்சுக்கும். வெயிட் கூடினா ஈஸ்ட்ரோஜனும் கூடும், இன்சுலினும் கூடும், இன்சுலினும் செல்லை வளரச் சொல்ற ஹார்மோன்தான், அதனாலதான் தினம் நடங்கன்னு சொல்றோம்.

1896லயே கிளாஸ்கோல ஜார்ஜ் பீட்சன்ங்கிற சர்ஜன், ஈஸ்ட்ரோஜன் சுரக்கிற சினைப்பையை எடுத்துட்டு மார்புக் கட்டி சுருங்கறதை பாத்து எழுதியிருக்கார், அப்போ ஈஸ்ட்ரோஜன்னு ஒரு பேரே கிடையாது. இன்னிக்கு அந்த வேலையை ஒரு சின்ன மாத்திரை செய்யுது, டமாக்சிஃபென் 5 வருஷம் ஒழுங்கா சாப்பிட்டா ஈஆர் பாசிட்டிவ் மார்பகப் புற்றுநோயால சாவு மூணுல ஒரு பங்கு குறையுது, கட்டி எடுத்தப்புறமும் கண்ணுக்குத் தெரியாம எங்கயாவது ஒளிஞ்சிருக்கிற செல்லுக்குத்தான் இந்த 5 வருஷம்.

முட்டி வலி பொய் இல்ல, லெட்ரோசோல் சாப்பிடற நிறைய பேருக்கு வருது, காலைல எந்திரிக்கும்போது விரலை மடக்க முடியலன்னு அழுதவங்களும் உண்டு. அதுக்கு வழி இருக்கு, அதே வகைல வேற மாத்திரைக்கு மாத்தலாம், உடற்பயிற்சி குடுக்கலாம், எலும்பு அடர்த்தி பாத்து கால்சியம், விட்டமின் டி சேக்கலாம். இந்த அம்மாவுக்கு அதே வகைல எக்ஸிமெஸ்டேன்ங்கிற மாத்திரையை மாத்தி எழுதினேன், ஒரு மாசத்துல வரச் சொன்னேன், காபிக்கு அரை ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கோங்கன்னும் சொன்னேன். நேத்து வந்தாங்க, அட்டையை நீட்டினாங்க, முழுசா காலி.