தீயில மாடு செத்தா, வறட்சியில புல்லு காஞ்சா: அமெரிக்காவுல பண்ணைக்காரங்களுக்கு பணம் எப்படி வருது?

2024 பிப்ரவரி 26 அன்னைக்கு டெக்சாஸ் வடக்கு மூலையில ஸ்டின்னெட் ஊர்கிட்ட புடிச்ச ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ, அடங்குறதுக்குள்ள 10 லட்சம் ஏக்கருக்கு மேல எரிச்சிடுச்சு, 7,000 மாட்டுக்கு மேல செத்துச்சுன்னு மாநில விவசாயத் துறை சொன்னாங்க. அந்தப் பக்கத்து ஹெம்ஃபில் கவுண்டில (கவுண்டினா நம்ம மாவட்டம் மாதிரி) எல்லாம் ஜனத்தை விட மாடுதான் அதிகம், மந்தைதான் அவங்க சேமிப்பு. அது ஒரே ராத்திரில போனா கவர்மென்ட் என்ன குடுக்கும்?

மொதல்ல ஒண்ணு, ஜனாதிபதி பேரிடர்னு அறிவிச்சாதான் பணம்னு நெனச்சு நெறைய பேர் காத்திருக்காங்க. செத்த மாடு, வறட்சில காஞ்ச மேய்ச்சல், எரிஞ்ச மேய்ச்சலும் தீவனமும்னு தனித்தனியா மூணு திட்டம் இருக்கு, மூணுக்கும் அது தேவையே இல்ல. 2014 விவசாயச் சட்டத்துல இதெல்லாம் நிரந்தரமாக்கிட்டாங்க, கவுண்டில இருக்கிற மத்திய விவசாயத் துறையோட ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி ஆபீஸுக்கு நேரா போனா போதும்.

செத்த மாட்டுக்கு எல்ஐபி, அதாவது கால்நடை இழப்பீட்டுத் திட்டம். சந்தை விலைனு யுஎஸ்டிஏ (மத்திய விவசாயத் துறை) வச்சிருக்கிற தொகையில 75% குடுப்பாங்க. ஆனா செத்த எல்லா மாட்டுக்கும் கிடையாது, எந்த வருஷமும் சாதாரணமா சாகுற அளவுனு மாநிலத்துக்கு மாநிலம் ஒரு சதவீதம் இருக்கு, அதைக் கழிச்சிடுவாங்க. உதாரணத்துக்கு 200 மாடு, சதவீதம் 1.5னு வச்சுக்கோங்க, மொதல் 3 மாடு உங்க கணக்கு, 40 செத்திருந்தா 37-க்குதான் காசு. காயம்பட்டு அடிமாட்டு விலைக்கு வித்ததுக்கும் இதுலயே கேக்கலாம்.

இங்கதான் ஆளுங்க கோட்டை விடுறாங்க. எரிஞ்ச வேலி ஓரம் கெடக்கிற மாட்டைப் பாக்கவே மனசு வராது, உடனே குழி தோண்டிப் பொதைச்சிடத் தோணும், தப்பே இல்ல, ஆனா பொதைக்கிறதுக்கு முன்னாடி காதுல இருக்கிற டேக் நம்பர் தெரியிற மாதிரி தேதியோட போட்டோ எடுத்துடுங்க, மாட்டு டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட், மாடு வாங்குன பழைய பில்லு, தடுப்பூசி கணக்கு, எது கெடைச்சாலும் எடுத்து வைங்க. எத்தனை இருந்துச்சு, எத்தனை போச்சுன்னு ரெண்டையும் காட்டணும், வெறும் வாய்ச்சொல் நிக்காது.

வறட்சிக்கு எல்எஃப்பி, அதாவது மேய்ச்சல் இழப்புக்கான திட்டம், இது வேற மாதிரி. உங்க புல்லு காஞ்சதை யாரும் வந்து பாக்க மாட்டாங்க, வாரா வாரம் வியாழக்கிழமை வர்ற வறட்சி மேப்புல உங்க கவுண்டியோட எந்தப் பகுதியாவது எந்த நிறத்துல இருக்குங்கிறதுதான் முடிவு பண்ணும். மேய்ச்சல் சீசன்ல டி2-ன்ற கடும் வறட்சி தொடர்ந்து 8 வாரம் இருந்தா ஒரு மாசத் தொகைனு இருந்துச்சு, 2025 சட்டத்துல அதை 4 வாரமா கொறைச்சாங்க, எனக்கு அது ரொம்ப சரியான மாத்தமா படுது, ஏன்னா ரெண்டு மாசம் மழை இல்லாம எந்த மேய்ச்சல் நிலமும் தாங்காது. டி3, டி4-ன்னு ஏற ஏற மாசக் கணக்கும் ஏறும். தொகை முழுத் தீவனச் செலவு இல்ல, 60%தான், ஒருத்தருக்கு வருஷத்துக்கு 1,25,000 டாலர் உச்சவரம்பு. எந்த நிலத்துல மேய்ச்சீங்கன்னு ஏக்கர் ரிப்போர்ட் குடுத்திருக்கணும், குத்தகை நிலம்னா குத்தகைப் பத்திரமும் வேணும்.

சொந்த நிலத்துல புல்லு எரிஞ்சு போனா எல்எஃப்பி கிடையாது, தீக்கு அது மத்திய அரசு நிலத்துல மேய்க்கத் தடை போட்டா மட்டும்தான். எரிஞ்ச சொந்த மேய்ச்சலுக்கும், வாங்கி வச்சிருந்த வைக்கோல் எரிஞ்சதுக்கும் ஈலாப்னு மூணாவது ஒண்ணு இருக்கு, அதைத் தனியா கேட்டு எழுதுங்க, கேக்காம விட்டா போச்சு.

வேலிக்கு இதுல எதுலயும் காசு வராது. அதுக்கு எமர்ஜென்சி கன்சர்வேஷன் புரோகிராம், திருப்பிக் கட்டுற செலவுல 75% வரைக்கும் ஏத்துக்குவாங்க. மாடு ரோட்டுக்கு ஓடிடுமேன்னு அவசரத்துல கம்பம் நடுறதுக்கு முன்னாடி ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு, வேலையை ஆரம்பிக்கலாமான்னு கேட்டுட்டு நடுங்க.